ஏஜிஏ ஐயா குடித்த தண்ணீர்

மன்னார்த் தீவில் இருக்கிற எங்கள் தாழ்வுபாட்டுக்கு எத்தனையோ அதிகாரிகள் வந்து போயிருக்கிறார்கள். சிலர் எங்கள் நண்டைச் சாப்பிட்டார்கள். சிலர் சுறாப் புட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். ஒருவர் கருவாட்டு மணத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு பேசிவிட்டு, போகும்போது இரண்டு பார்சல் கட்டி வாங்கிக்கொண்டு போனார். ஆனால் ஏஜிஏ ஐயாவைப்போல எங்கள் ஊரில் தண்ணீர் குடித்த மனிதர் வேறு ஒருவரும் இல்லை.

உதவி அரசாங்க அதிபர் என்பது அவருடைய பதவி. அவ்வளவு நீளமாகச் சொல்ல எங்களுக்கு எங்கே நேரம்? ஏஜிஏ ஐயா என்றால் போதும். சண்டை நடந்த காலம் அது. நிவாரண அரிசிக்கும் அவர்தான், மண்ணெண்ணெய்க்கும் அவர்தான், கடலுக்குப் போகும் பாசுக்கும் அவர்தான். பள்ளிக்கூடத்தில் அகதிகள் வந்து தங்கினால், அவர்களுக்குக் கக்கூசு கட்டுவதும் அவர்தான். இரண்டு பக்கத்துக்காரரும் மாறி மாறி அவரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். "எங்கட கரைக்கு நீங்கள்தானே ஐயா ராசா" என்பேன் நான். ராசாவுக்கு ஒரு ஜீப் கொடுத்திருந்தார்கள். டீசல் கொடுக்கவில்லை. ராசா சைக்கிளில் திரிந்தார்.

மெலிந்த ஆள். கழுத்து நீளம். பேசும்போது தொண்டைக்குள் ஏதோ ஏறி இறங்கும். சிரிக்கமாட்டார். ரோட்டோரத்தில் பாயை விரித்து மீன் காயவைப்பது என்னுடைய வேலை. அதனால் ஊருக்குள் வருகிற எவரும் முதலில் என் வாயில் அகப்படாமல் போகமுடியாது. இவரிடம் நான் சொல்லாத பகிடி இல்லை. ஒருநாள் அவருடைய சைக்கிள் சங்கிலி கழன்று உருட்டிக்கொண்டு வந்தார்.

"ஐயா, பேசாம மன்னார் ரவுணில நிக்கிற கழுதை ஒண்டைப் பிடிச்சு ஏறி வாங்கோ. டீசலும் வேண்டாம், காத்தும் அடிக்கத் தேவையில்லை."

"கழுதைக்குப் பாஸ் எடுக்க வேணும், அம்மா" என்றார், முகத்தில் ஒரு சுருக்கம் மாறாமல். அது பகிடியா உண்மையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாராவது செத்துப்போனால் அந்தச் செய்தியை அவரே நேரில் கொண்டுவருவார். கடிதம் அனுப்பமாட்டார், கிராம அலுவலரான விதானையை அனுப்பமாட்டார். ஏன் ஐயா இந்த வேலை என்று ஒருமுறை கேட்டேன். சைக்கிளைப் பிடித்தபடியே சொன்னார்.

"என்ர அண்ணன் வெளியூரில வேலை செய்யேக்க செத்தவர். தந்தி வந்தது. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. மகன் ஏதோ நல்ல சேதி அனுப்பியிருக்கிறான் எண்டு சாமிப்படத்துக்குப் பின்னால செருகி வச்சவ. நான் பள்ளிக்கூட விடுதியால வர மூண்டு நாள். மூண்டு நாளும் அதுக்குப் பூ வச்சுக் கும்பிட்டிருக்கிறா."

சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார். நான் அன்றைக்குப் பகிடி விடவில்லை.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. இழவு சொல்ல வருகிறவர் அந்த வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டார். வேலிக் கதவான படலையில் நின்று, சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். நா வறண்டு விழுந்தாலும் ஒரு சொட்டு வாங்கமாட்டார். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குச் சொல்லித் தந்தவர்களுக்கும் தெரியாது.

நாங்கள் கத்தோலிக்கர்; ஐயா வயல் பக்கத்து ஆள், சைவக்காரர். அவருக்கு இது எப்படித் தெரியும்? வந்த புதிதில் எங்கள் பக்கத்து வீட்டு மதலேனாள் அக்காவிடம் வந்தார். அக்காவின் மூத்த மகன் தீவுக்கு வெளியே, பெருநிலத்தில் செத்துப்போயிருந்தான். நல்ல வெயில். ஐயா வியர்த்துக் கொட்ட வந்து நின்றார். அக்கா பாவம் பார்த்துச் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். ஐயா குடித்தார். அவர் குடிப்பதைப் பார்த்து அக்காவுக்கு நெஞ்சுக்குள் இருந்த பயமெல்லாம் போய்விட்டது. பெரிய ஆள் வீடு தேடி வந்திருக்கிறார், ஏதோ நிவாரணம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அவர் சொன்னார்.

அக்கா அந்தச் செம்பைப் பறித்து அவருடைய நெற்றியிலேயே எறிந்தாள்.

"என்ர கையால தண்ணியை வாங்கிக் குடிச்சுப்போட்டு என்ர பிள்ளைக்கு இழவு சொல்லுறியோ? நீயும் ஒரு மனிசனோ?"

இரத்தம் வடிய வடிய ஐயா அசையாமல் நின்றார். விதானையார்தான் பிறகு அவரைக் கூட்டிப்போய் வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தார். அடுத்தநாள் விடிய, நெற்றியில் பிளாஸ்டரோடு அதே படலைக்கு வந்தார்.

"அம்மா, எனக்குத் தெரியாமப் போச்சு. இனி இந்த ஊரில அப்பிடி நடக்காது."

நடக்கவும் இல்லை. அன்றிலிருந்து, சாவு கொண்டுவந்தால் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு படலையில் நிற்பார். வேறு வேலையாக வந்தால், கொடுக்கிற தண்ணீரை மறுக்காமல் குடிப்பார். கரை முழுக்க இந்தக் கதை பரவிவிட்டது. பிறகு நடந்ததைக் கேளுங்கள். அவருடைய சைக்கிள் ஊருக்குள் திரும்பினால் போதும், வீட்டுக்கு வீடு பெண்கள் தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்து படலையில் நிற்பார்கள். வெளியில் பிள்ளை இருக்கிற ஒவ்வொரு தாயும் நிற்பாள். "ஐயா, கொஞ்சம் குடியுங்கோ. ஐயா, ஒரு வாய்." அவர் குடித்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கும். ஒரு வீட்டில் குடித்துவிட்டு அடுத்த வீட்டில் வேண்டாம் என்று சொல்லமுடியுமா? சொன்னால் அங்கே ஒப்பாரி தொடங்கிவிடும். மனிதர் எல்லா வீட்டிலும் குடித்தார்.

தெருவின் கடைசி வீட்டுக்கு வந்துசேரும்போது அவருடைய முகம் வேறு மாதிரி இருக்கும். சைக்கிளைச் சாய்த்துவிட்டு உடைமரப் பற்றைக்குள் அவசரமாகப் போவார்.

"ஐயா, பாத்து. அங்க முள்ளு" என்று நான் கத்துவேன். "ராசாவுக்கு எங்கயாவது குத்திப்போட்டால் நாங்கள் கொழும்புக்கு என்ன பதில் சொல்லுறது?"

தெருவே சிரிக்கும். துக்கத்தில் ஊறிக்கிடந்த ஊர் அந்த ஒரு நேரம்தான் வாய்விட்டுச் சிரித்தது. அதற்காகவாவது அவர் எங்களுக்கு நல்லது செய்தார் என்றே வையுங்கள்.

அவர் பொய் சொல்லமாட்டார் என்பதைக் கந்தோரில் அவரோடு வேலை செய்தவர்களும் அறிந்திருந்தார்கள். ஒருதரம் கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்து, உங்கள் பகுதியில் சனங்களுக்குப் போதுமான அரிசி இருக்கிறது என்று எழுதித் தரச்சொல்லிக் கேட்டாராம். விதானையார் அன்றைக்குக் கந்தோரில் இருந்தவர். வந்து சொன்னார்: "மனிசன் எழும்பிப் போய்க் களஞ்சியக் கதவைத் திறந்து விட்டிட்டு, 'வாங்கோ சேர், நீங்களே பாத்து எழுதுங்கோ' எண்டார். உள்ள ரெண்டு எலி நிண்டது." அதற்குப் பிறகு அவருக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்களெல்லாம் மேலே மேலே ஏறினார்கள். அவர் அதே சைக்கிளில் எங்கள் மணலுக்குள் உழக்கிக்கொண்டு திரிந்தார்.

இப்படிப்பட்ட மனிதர் ஒருமுறை பொய் சொன்னார். அது எங்கள் வீட்டுக்காக.

எனக்கு ஒரே மகன், யூட். அவனுக்கு றீற்றாவைக் கட்டிவைத்தேன். அவளுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் வயிற்றிலேயே தங்காமல் போயின. இரண்டாவது போனபோது அவளும் போயிருக்கவேண்டியவள். மூன்றாவது தங்கி, எட்டு மாதம் முடிந்திருந்தது. இரத்த அழுத்தம் ஏறியிறங்கிக்கொண்டிருந்தது. ஊர்த் தாதி வந்து என்னைப் பிடித்து எச்சரித்துவிட்டுப் போனாள்: "பெரியம்மா, இந்தப் பிள்ளைக்கு ஒரு அதிர்ச்சியும் வரக்கூடாது. வந்தால் ரெண்டு உயிரும் போகும். நான் விளையாட்டுக்குச் சொல்லேல்ல." யூட் அப்போது வீட்டில் இல்லை. தெற்கே முள்ளிக்குளம் பக்கத்தில் வேறு ஊர்க்காரர் இரண்டு பேரோடு கடற்கரையில் வாடிக் குடிசை போட்டு மீன்பிடித் தொழில் செய்துகொண்டிருந்தான். அந்தப் பருவம் முடியத்தான் வருவான். பிள்ளை பிறக்க முதல் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவன்.

அன்று காலை நான் பாயில் சூடை மீன் பரப்பிக்கொண்டிருந்தேன். ஐயாவின் சைக்கிள் வந்தது.

"என்ன ஐயா, இண்டைக்கு வெள்ளனவே வயித்தைக் காயப்போட்டுக்கொண்டு வாறீங்கள்?" என்றேன்.

அவர் சைக்கிளை எங்கள் வேலியில் சாய்த்தார். இரண்டு கைகளும் பின்னால் போயின. நான் குனிந்த இடத்திலேயே நின்றேன். கையில் இருந்த மீன் கீழே விழுந்ததுகூடத் தெரியவில்லை.

அப்போது வாசலால் றீற்றா வந்தாள். சைக்கிள் சத்தம் கேட்டு, நான் வெளியில் நிற்பதால் தானே செம்பை நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறாள். ஒரு கை இடுப்பில். வயிறு அவளுக்கு ஒரு முழம் முன்னால் வருகிறது. முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஐயா, குடியுங்கோ. இண்டைக்கு எங்கட வீட்டிலதான் முதல்."

ஐயா செம்பைப் பார்த்தார். அவளுடைய வயிற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேனா, கண்ணைக் காட்டினேனா, ஒன்றும் எனக்கு நினைவில்லை. பின்னால் இருந்த கைகள் முன்னால் வந்தன. செம்பை வாங்கினார். வழமையில் நாலு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பவர், அன்றைக்கு ஒரே மூச்சில் அடிவரை குடித்தார். தொண்டைக்குள் அது ஏறி இறங்க, ஏறி இறங்க, நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பாஸ் விசயமா வந்தனான்" என்றார்.

பாஸ் போன கிழமைதான் புதுப்பித்தது. அவரே கையெழுத்துப் போட்டது.

றீற்றாவுக்கு அது நினைவில்லை. அவள் அவர் குடித்ததைத்தான் பார்த்தாள். "இருங்கோ ஐயா" என்று கதிரையைக் காட்டினாள். நான் குறுக்கே புகுந்தேன். "ஐயாவுக்கு ஆயிரம் வேலை, பிள்ளை. நீ உள்ளுக்க போய்ப் படு. நான் ரோட்டு மட்டும் விட்டிட்டு வாறன்."

அவள் உள்ளே போகவில்லை. படலையைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தபடி நின்றாள். நாங்கள் ரோட்டில் நடந்தோம். சைக்கிள் எங்கள் இருவருக்கும் நடுவில் உருண்டது.

"மூண்டு நாளைக்கு முதல் விடியக் கடலில துவக்குச் சூடு விழுந்திருக்கு, அம்மா" என்றார் ஐயா, முன்னால் பார்த்துக்கொண்டே. "சிலாவத்துறைக்கு அங்கால கரையில ஒதுங்கினது. நான் போய்ப் பாத்தனான். கழுத்தில அந்தோனியார் சுரூபம். இடது கையில பழைய வெட்டு."

அந்த வெட்டு அவனுக்குப் பத்து வயதில் என்னுடைய மீன் கத்தி பட்டது.

"எப்ப கொண்டுவருவீங்கள்?"

"ஏலாது, அம்மா. ரெண்டு நாள் தண்ணியுக்க கிடந்தது. பின்னேரத்துக்குள்ள அங்கயே அடக்க வேணும். ஜீப்புக்கு டீசல் கேட்டு வாங்கினனான். நீங்கள் வாறதெண்டால் இப்பவே..."

நான் திரும்பிப் பார்த்தேன். றீற்றா கையைக் கண்ணுக்கு மேலே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எந்த நேரமும் பகிடி விடுகிறவள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் நான் சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, உடம்பைக் குலுக்கிச் சத்தமாகச் சிரித்தேன். அவளும் அங்கே நின்று சிரித்தாள்.

"நான் வந்தால் அவள் கேப்பாள், ஐயா. நீங்கள் போங்கோ."

"நானோ?"

"எங்கட வீட்டால ஒரு ஆள் நிக்க வேணும். கோயில் சுவாமியார் செபம் சொல்லி முடிய, குழிக்குள்ள மண் போட வேணும். அவனுக்கு வேற ஆர் இருக்கினம்?"

அவர் சைக்கிளை நிறுத்தினார். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளையைப்போலக் கேட்டார்: "எத்தினை பிடி போடுறது, அம்மா?"

"மூண்டு. மூண்டு பிடி."

"வலக் கையாலயோ?"

"ஓம்."

அவர் சைக்கிளில் ஏறிப் போனார். நான் திரும்பிவந்து மீதி மீனைப் பரப்பினேன். ஒவ்வொன்றாகத் தலையை ஒரு பக்கம் வைத்துப் பரப்பினேன். பின்னேரம் மூன்று மணி இருக்கும், றீற்றா தலையை என் மடியில் வைத்துப் பேன் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். அந்த நேரத்தில்தான் அங்கே அவனை இறக்கியிருப்பார்கள்.

இரண்டு நாளில் ஊருக்குத் தெரிந்துவிட்டது. சுவாமியார் கோயிலில் துக்கமணி அடிக்கவில்லை. றீற்றாவின் காதில் விழக்கூடாது என்று விதானையார் வீடுவீடாகப் போய்ச் சொன்னார். ஊரே வாயை மூடிக்கொண்டது. மதலேனாள் அக்கா எங்கள் வேலியைக் கடக்கும்போது முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து, சரிசெய்துகொண்டுதான் கடப்பாள்.

ஐயா தினமும் வந்தார். வராவிட்டால் றீற்றா ஏதாவது நினைத்துவிடுவாளோ என்று அவருக்குப் பயம். வந்து தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டுப் போவார். மூன்றாம் நாள் வெறுங்கையோடு வரக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு பெரிய பப்பாசிப்பழத்தோடு வந்தார். பிள்ளைத்தாச்சிக்குப் பப்பாசி!

"ஐயோ ஐயா, என்ர பேரப்பிள்ளையை வெளியால எடுக்கவே கொண்டு வந்தனீங்கள்?" என்று கத்தினேன். மனிதருக்கு முகம் வெளிறிப்போனது. பழத்தைச் சைக்கிள் கரியரில் திரும்பக் கட்டினார். கட்டக் கட்ட அது உருண்டு விழுந்தது. றீற்றா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிப்பதைக் கண்டு அவரும் சிரித்தார். அதுதான் அவர் சிரித்து நான் பார்த்த முதல் தரம். டீசல் இல்லாத ஜீப்பை ஸ்டார்ட் பண்ணுவதுபோல இருந்தது. நாலு தரம் இழுத்து நின்றுபோனது.

"மாமி, இந்த ஐயாவுக்கு வேற வீடே இல்லையோ?" என்றாள் றீற்றா அவர் போனபிறகு. "ஒவ்வொரு நாளும் வாறார்."

"உன்ர தண்ணியில ஏதோ ருசி கண்டிட்டார்."

"அவர் வந்து குடிச்சிட்டுப் போனால் எனக்கு நல்லா நித்திரை வருது, மாமி."

பதினொரு நாள் அவள் நன்றாக நித்திரை கொண்டாள். பன்னிரண்டாம் நாள் மன்னார் ஆசுப்பத்திரியில் பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். அவள் வீட்டுக்கு வந்து ஒரு கிழமை போகட்டும் என்று தாதி சொன்னாள். விட்டோம்.

அந்த ஒரு கிழமை முடிந்த காலையில் ஐயா வந்தார். தானே சொல்லவேண்டும், வேறு ஒருவரும் சொல்லக்கூடாது என்று என்னிடம் முதலே சொல்லியிருந்தார். றீற்றா உள்ளே பாயில் இருந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, ஐயாவுக்குத் தண்ணி குடுங்கோ."

கொண்டுபோனேன். நீட்டினேன். அவருடைய கைகள் பின்னால் கட்டியிருந்தன.

றீற்றா செம்பைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிள்ளையின் வாயை மெதுவாக விடுவித்து மடியில் கிடத்தினாள்.

"எப்ப?"

"ஒரு மாசம் ஆகப்போகுது, பிள்ளை."

அவள் கணக்குப் பார்த்தது முகத்தில் தெரிந்தது. "அப்ப நீங்கள் ஒவ்வொரு நாளும் குடிச்சது?"

ஐயாவின் கைகள் பின்னாலேயே இருந்தன.

"அவரை எங்க வச்சிருக்கிறீங்கள்?"

"அடக்கியாச்சு."

"மாமி போனவவோ?"

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப ஆர் நிண்டது?"

"நான்" என்றார் ஐயா.

றீற்றா அழவில்லை. பிள்ளையை என் கையில் தந்துவிட்டு எழும்பினாள். பச்சை உடம்புக்காரி, சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்தாள்.

"நீங்கள் நல்லவர் எண்டு எனக்குத் தெரியும், ஐயா. என்ர பிள்ளை உயிரோட இருக்கிறது உங்களால எண்டும் தெரியும். ஆனா எனக்கு அவற்ற முகத்தைக் கடைசியாப் பாக்கேலாமப் பண்ணிப்போட்டீங்கள். ஊரெல்லாம் தெரிஞ்சுகொண்டு என்னைச் சிரிக்க விட்டனீங்கள். இனி இந்தப் படலைக்கு வராதேங்கோ."

அவர் அதற்குப் பிறகு எங்கள் படலைக்கு வரவில்லை. என்னோடு அவள் இரண்டு மாதம் பேசவில்லை. பிறகு பேசினாள். ஒரே அடுப்பில் சமைக்கிற இரண்டு பெண்கள் எவ்வளவு நாளைக்குப் பேசாமல் இருக்கமுடியும்? ஆனால் ஐயாவின் பேச்சை மட்டும் எடுக்கமாட்டாள். நான் எடுத்தால் எழும்பிப் போய்விடுவாள்.

கதை அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஐயா சண்டையோடு சண்டையாகத் தெருவில் வந்துகொண்டுதானே இருந்தார். ஒருநாள் மதலேனாள் அக்காவின் படலையில் நின்றார். அக்காவுக்கு மற்ற மகன் ஒருவன் வெளியில் இருந்தான். ஐயா மண்ணெண்ணெய் அட்டை விசயமாக வந்தவர். அக்கா தண்ணீர் கொடுத்தாள், அவர் குடித்தார். குடித்து முடிந்ததும் அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஐயா, எங்கட வீட்டில ஒருத்தரும் பிள்ளைத்தாச்சி இல்லை. எனக்கு நெஞ்சு வருத்தமும் இல்லை. ஒளிக்காமச் சொல்லுங்கோ. என்ர பிள்ளை இருக்கிறானோ?"

"ஆண்டவனாணை, அம்மா, நான் அட்டைக்குத்தான் வந்தனான்."

"அவளுக்கும் பாஸ் எண்டுதானே சொன்னனீங்கள்?"

ஐயா வெறும் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். எறிந்த செம்பு நெற்றியில் பட்டபோதுகூட அவர் அப்படி நிற்கவில்லை.

ஒரு வீடு இரண்டாகி, இரண்டு பத்தாகியது. அவர் குடித்தாலும் பெண்கள் அழுதார்கள், குடிக்காவிட்டாலும் அழுதார்கள். கரை முழுக்கத் தாய்மார் நம்பிக்கொண்டிருந்தது அந்த மனிதருடைய தொண்டையை. அதை அவர் எங்கள் வீட்டில் செலவழித்துவிட்டார். பிறகு யாருக்குக் கொடுக்கவும் அவரிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆறு மாதத்தில் தானே கேட்டு மாற்றம் வாங்கிக்கொண்டார் என்று விதானையார் சொன்னார். போகிற அன்று எப்படியோ ஜீப்புக்கு டீசல் கிடைத்திருந்தது. எங்கள் படலைக்கு வராமல் ரோட்டிலேயே நிறுத்தினார். றீற்றா உள்ளே கதவைச் சாத்திவிட்டாள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் தொடவில்லை. நெடுநேரம் பார்த்தார்.

"பெயர் என்ன?"

நான் சொன்னேன். அவர் அதை ஒருதரம் தனக்குள் சொல்லிப்பார்த்தார். பிறகு ஜீப் போய்விட்டது. எனக்கு அன்றைக்கு நல்ல பகிடி ஒன்று வாய்வரை வந்தது. சொல்லாமல் விட்டுவிட்டேன். இப்போது அது மறந்தும் போய்விட்டது.

சண்டை முடிந்தது. அந்தப் பிள்ளை வளர்ந்து, படித்து, இப்போது பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். போன மாதம் ஒரு காலை, ரெலிபோனைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "அம்மம்மா, ஆரோ பழைய ஏஜிஏ ஒராளாம், மன்னாரில இருந்தவராம், செத்துப்போனாராம்" என்று மரண அறிவித்தலை வாசித்தாள். நான் அவளுக்கு அப்பம்மா. ஆனால் அவள் சின்னனில் இருந்தே அம்மம்மா என்றுதான் கூப்பிடுவாள். திருத்தித் திருத்திக் களைத்துப்போனேன். படத்தைக் காட்டினாள். தலைமயிர் இல்லை. கழுத்து அப்படியே இருந்தது.

றீற்றா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. நான் அவளைப் பார்க்கவில்லை. இத்தனை வருசம் பழக்கம், எழும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். எழும்பினாள். கையைக் கழுவினாள்.

"எத்தினை மணிக்கு எடுக்கினமாம்?" என்று மகளைக் கேட்டாள்.

"ரெண்டு மணிக்கு."

"மாமி, வெளிக்கிடுங்கோ. எட்டரை பஸ்ஸைப் பிடிக்கலாம்."

செட்டிகுளத்துக்கு அங்கால ஒரு வயல்கரை ஊர். வீட்டைத் தேடிப்போகக் கஷ்டமில்லை, படலையில் செத்தவீட்டு வாழை கட்டியிருந்தார்கள். எங்களை ஒருவருக்கும் தெரியாது. ஐயாவின் மனுசி வெள்ளைச் சேலையில் இருந்தவ, "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டா. தாழ்வுபாடு என்றதும், "மன்னாரைப் பற்றி அவர் ஒண்டும் கதைக்கிறதில்லை" என்றா. றீற்றா பெட்டியில் கிடந்த ஐயாவின் முகத்தை நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு போய் மனுசியின் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள்.

இரண்டு மணிக்குத் தூக்கினார்கள். பறை முன்னால் போனது. பெண்கள் எல்லோரும் அழுதுகொண்டு படலைவரை வந்து அங்கேயே நின்றார்கள். சைவக்காரரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, அது அவர்களுடைய முறை. நானும் நின்றேன். றீற்றா நிற்கவில்லை. படலையைத் தாண்டி, ஆண்களுக்குப் பின்னால் நடந்தாள்.

நாலைந்து பேர் திரும்பினார்கள். ஒருவர் வந்து மறித்தார்.

"அம்மா, பொம்பிளையள் இதோட நிக்கிறது."

"தெரியும், அண்ணை" என்றாள் றீற்றா. "என்ர அவரை அடக்கேக்க எங்கட வீட்டால ஒருத்தரும் போகேல்ல. நானும் போகேல்ல, அவரைப் பெத்தவவும் போகேல்ல. இந்த ஐயாதான் தனிய நிண்டு மண் போட்டவர்."

மறித்தவர் திரும்பிப் படலையைப் பார்த்தார். பறை கொஞ்சத் தூரம் போய்விட்டது. படலையிலிருந்து ஐயாவின் மனுசி, அழுத குரலில், "அந்தப் பிள்ளையை விடுங்கோ. போகட்டும்" என்றா.

அவர் விலகினார். வெயில் கொளுத்தியது. பின்வரிசையில் நடந்த ஒரு கிழவர் தன்னுடைய குடையை றீற்றாவிடம் நீட்டினார். அவள் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அந்த வயல் வரம்பு முழுக்க ஆண்கள், நடுவில் ஒரு குடை.

என் பக்கத்தில் நின்ற பெண் தோளைத் தொட்டாள். "ஆர் அம்மா உவ? ஐயாவுக்கு என்ன முறை?"

"எங்கட வீட்டால போற ஆள்" என்றேன்.